ஆறு ஒன்று, துறை பல

துறை என்னும் சொல்லுக்குப் பொருள் யாது என்று எனது பண்டித வகுப்பு மாணவரிடம் அண்மையிலே வினாவினேன். கல்விப் பிரிவு என்றான் ஒருவன். அரசாங்கத் திணைக்களம் என்றான் மற்றொருவன். துறைமுகத்தை நினைவூட்டினான் வேறொருவன். மூன்றும் பிழையல்ல. ஆயினும் நீர்நிலையிலே மக்கள் இறங்கும் இடமே இச்சொல்லின் பழம்பொருள். ஓர் ஆற்றுக்குப் பல துறைகள் உண்டு. ஒன்றிலே நீராடுவர், ஒன்றிலே ஆடை வெளுப்பர், பிறிதொன்றிலே ஓடம் விடுவர். துறைகள் வேறாயினும் நீர் ஒன்றே. மேற்றுறையிலே கலங்கிய நீர் கீழ்த்துறைக்கு வந்தே தீரும். கல்விப் பிரிவுகளுக்கு இச்சொல்லை வழங்கும் நாம் இவ்வுண்மையையும் உடன் நினைத்தல் வேண்டும் என்று விளக்கி முடித்தேன்.

அவ்வேளை கடைசி வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அப்படியானால் ஆறு முழுவதையும் பார்ப்பவர் யார்?” என்று கேட்டாள்.

மணி அடித்தது எனக்கு நல்லதாயிற்று. விடை கூறாமலே வகுப்பை முடித்தேன். வீடு திரும்பிய பின்னரும் அவ்வினா என்னை விட்டபாடில்லை. அவளுக்கு அன்று நான் கூறியிருக்க வேண்டிய விடையையே ஈண்டு எழுதுகின்றேன். விடையை ஒரு வரலாறாகவே கூறுதல் நன்று. அது புகையைப் பற்றிய வரலாறு. தமிழ் மொழியிலே கற்கத் தொடங்கிய ஒருவர் பல துறையினரை ஒன்று கூட்டி அப்புகையின் வழியைத் தேடிய வரலாறு.

வீரபத்திரன் இராமநாதன் என்பது அவர் பெயர். 1944ஆம் ஆண்டு பிறந்தவர். தமிழ்நாட்டிலே தமிழ் மூலம் பாடங் கேட்டு வந்த சிறுவன், பதினொரு வயதளவில் குடும்பத்தாருடன் பெங்களூருக்குப் பெயர்ந்தான். அங்கே வகுப்பறை மொழி ஆங்கிலம். ஆசிரியர் கூறுவது விளங்கவில்லை. விளங்காதபடியால் செவிமடுக்கும் பழக்கமே தம்மை விட்டு நீங்கியதென்றும், எதனையும் தாமே முயன்று கண்டறியும் பழக்கம் அதனாலேயே தமக்கு வந்ததென்றும் அவர் பிற்காலத்திலே கூறியிருக்கின்றார். ஆசிரியனாகிய எனக்கு இச்செய்தி ஒருபுறம் துன்பத்தையும் ஒருபுறம் வியப்பையும் தருகின்றது. சொல் விளங்காமையின் துயரத்தை இளமையிலேயே அறிந்த ஒருவர், ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்காத அறிஞர்களைப் பின்னாளிலே ஒரே அவையில் இருத்தினார் என்பதை எண்ணும்போது அவ்வியப்பு மிகுகின்றது.

1965இலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பட்டம் பெற்ற அவர், செகந்திராபாத்திலே குளிர்சாதனப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கமர்ந்தார். பெட்டிக்குக் குளிர்ச்சியைத் தரும் வாயு கசிந்து வெளியேறிக் கொண்டிருந்தது. கசிவு ஏன் உண்டாகின்றது என்று ஆராய்வது அவருக்கிட்ட பணி. குளோரோபுளோரோகாபன் என்பது அவ்வகை வாயுவின் பெயர். அக்காலத்திலே அக்கசிவு முதலாளிக்கு நட்டம் என்பதற்கு மேலாக எவருக்கும் ஒரு கவலையாகத் தோன்றவில்லை.

பின்னர்ப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலே உயர்கல்வி கற்று அமெரிக்கா சென்றார். அங்கே பொறியியலாராய்ச்சி செய்யலாம் என்னும் எண்ணத்தோடு ரொபேட் செஸ் என்னும் பேராசிரியரை அடைந்தபோது, அப்பேராசிரியரே பொறியியலை விட்டுக் கோள்களின் வளிமண்டலத்தை ஆராயப் புகுந்திருந்தார். குரு துறை மாறியமையால் மாணவரும் மாறினார். செவ்வாய், வெள்ளி ஆகிய கோள்களின் வளியைப் பற்றிக் கற்று 1974இலே கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மொலினா, றோலண்ட் என்னும் இரசாயன அறிஞர் இருவர், குளோரோபுளோரோகாபன் வானிலே உயர்ந்து சென்று, சூரியனின் கொடுங்கதிரைத் தடுக்கும் ஓசோன் படையை அழிக்கும் என்று வெளியிட்டனர். இராமநாதனுக்குத் தொழிற்சாலைக் கசிவு நினைவுக்கு வந்தது. அவ்வாயு பூமியின் வெப்பத்தை எவ்வளவு தடுத்து வைக்கும் என்று கணக்கிட்டார். ஒரு மூலக்கூற்றுக்கு ஒரு மூலக்கூறாக ஒப்பிடின், காபனீரொட்சைட்டைவிட அது பதினாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடையது என்று கண்டு 1975இலே வெளியிட்டார். பூமியைச் சூடாக்கும் வாயு காபனீரொட்சைட்டு ஒன்றே என்னும் எண்ணம் அன்று ஆட்டங்கண்டது.

இதனைக் கண்டறிய எத்தனை துறைகள் வேண்டியிருந்தன என்று எண்ணிப் பாருங்கள். குளிர்சாதனப் பொறியியல் ஒன்று. கோள்களின் வளிமண்டலக் கல்வி ஒன்று. இருவர் ஆராய்ந்த இரசாயனம் ஒன்று. இவை மூன்றும் ஒருவர் உள்ளத்திலே சந்தித்தமையாலன்றோ அவ்வுண்மை வெளிவந்தது? ஆனால் எல்லாச் சிக்கலும் ஒருவர் உள்ளத்துள் அடங்குவன அல்ல. அடுத்து வந்தது அத்தகைய பெருஞ்சிக்கல்.

தை, மாசி மாதங்களிலே வாடைக் காற்று இந்தியத் துணைக்கண்டத்தின் நிலப்பரப்பிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. நம் நாட்டைச் சூழ்ந்த வானம் அக்காலத்திலே சிலவேளைகளில் மங்கித் தோன்றுவதை எவரும் கண்டிருப்பர். பனிமூட்டம் என்று நாம் அதனைச் சொல்லி விடுகின்றோம். அம்மூட்டத்துள் இருப்பது யாது, அது எங்கிருந்து வருகின்றது, அதனால் விளைவது யாது என்பனவற்றை அறிதற்காக 1999ஆம் ஆண்டு தை முதலாகப் பங்குனி வரையிலே பெரியதோர் ஆய்வு நிகழ்ந்தது. இந்து சமுத்திரப் பரிசோதனை என்று அதற்குப் பெயரிட்டனர். இராமநாதனும் போல் குருட்சன் என்னும் ஒல்லாந்தரும் அதன் தலைமை விஞ்ஞானிகளாயினர். குருட்சன் ஓசோன் படையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1995இலே மொலினா, றோலண்ட் ஆகிய இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்தவர். அவரும் இளமையிலே ஆம்ஸ்டர்டாம் நகரிற் பாலங் கட்டும் அலுவலகத்திலே பணிபுரிந்தவர். குளிர்ப்பெட்டி செய்த ஒருவரும் பாலங் கட்டிய ஒருவரும் வானத்தை ஆராய ஒன்று சேர்ந்தனர்.

மாலைதீவு இவ்வாய்வுக்கு நிலைக்களமாயிற்று. அங்குள்ள காசிதூ என்னும் சிறு தீவிலே வானிலை நோக்குங் கூடம் ஒன்று நிறுவப்பட்டது. இந்தியாவின் சாகர் கன்யா, அமெரிக்காவின் றொனால்ட் பிரவுன் ஆகிய ஆய்வுக் கப்பல்கள் கடலிலே உலாவின. விமானங்கள் மூட்டத்தின் உள்ளும் மேலும் கீழும் பறந்தன. செய்மதிகள் உயரத்திலிருந்து நோக்கின. அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா, மாலைதீவு முதலிய இடங்களிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் பங்குகொண்டனர். இந்தியத் தரப்பிலே ஏ. பி. மித்ரா என்னும் மூத்த அறிஞர் முன்னின்றார்.

இத்தனை பேர் எதற்கு என்று கேட்கலாம். மூட்டத்துளுள்ள துகள் எப்பொருளாலானது என்று இரசாயனவியலார் கூறுவர். அத்துகள் சூரிய ஒளியை எவ்வளவு உண்ணும், எவ்வளவு சிதறும் என்று பௌதிகவியலார் அளப்பர். காற்று எத்திசையிலிருந்து எத்தனை நாளிலே அதனைக் கொண்டு வந்தது என்று வானிலை அறிஞர் காண்பர். நீர்த்துளியிலே துகள் சேர்ந்தால் முகிலுக்கு என்னாகும் என்று முகிலாராய்வோர் நோக்குவர். இவர்களுள் ஒருவர் தரும் எண் மற்றவரது கணக்குக்கு முதலாகும். ஆதலால் எல்லாரும் ஒரே காலத்திலே, ஒரே வானத்தை, ஒருவர் அளவு மற்றவருக்குப் பயன்படும் முறையில் அளத்தல் வேண்டும். துகளை ஓராண்டிலும் ஒளியை மற்றோராண்டிலும் அளந்தாற் பயனில்லை. இவ்வொழுங்கை அமைத்தலே தலைமையின் முதற் பணியாயிற்று.

அவர்கள் கண்டது யாது? ஏறக்குறைய ஒரு கோடி சதுர கிலோமீற்றர் பரப்பிலே, அதாவது அமெரிக்க ஐக்கிய நாட்டின் பரப்பளவிலே, புகைமூட்டம் பரந்து கிடந்தது. கடல்மட்டத்திலிருந்து மூன்று கிலோமீற்றர் உயரம் வரையில் அது எழுந்திருந்தது. கடலை அடையும் சூரிய ஒளியை நூற்றுக்குப் பத்து வீதமளவில் அது குறைத்தது. அதனுள்ளே கந்தகச் சேர்க்கைகளும் தூசும் இருந்தன; யாவற்றுக்கும் மேலாகக் கரித்துகள் இருந்தது. கரித்துகள் கறுப்பாதலின் ஒளியை விழுங்கித் தன்னைச் சூழ்ந்த வளியைச் சூடாக்குகின்றது. கீழேயுள்ள கடலுக்கோ நிழல் செய்கின்றது. மேலே வெப்பம், கீழே நிழல். கடல் ஒளியிழந்தால் ஆவியாகும் நீர் குறையும். நீராவி குறைந்தால் மழைக்கு இடையூறு உண்டாகும். காசிதூவிலே கண்ட கரியின் கணக்கு, தொலைவிலுள்ள உழவனின் வயல் வரைக்கும் செல்வதாயிற்று.

கூடியவர்கள் எல்லாரும் தேனும் பாலும் போலக் கலந்தனர் என்று கூறினால் அது பொய்யாகும். 2002ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு இவ்வாய்வின் அடியாக ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஆசியப் பழுப்பு முகில் என்னும் பெயரை அது சூடியிருந்தது. இந்தியாவிலே கடும் எதிர்ப்பு எழுந்தது. புகைமூட்டம் ஆசியாவுக்கு மட்டும் உரியதோ, செல்வ நாடுகள் நூற்றாண்டுக் கணக்காக வெளிவிட்ட வாயுவை மறைத்து ஏழையின் அடுப்பைக் குற்றஞ்சாட்டுவதோ என்று பலர் வினாவினர். சீனிவாசன், சுலோசனா காட்கில் என்னும் இந்திய விஞ்ஞானிகள் இருவர், சில மாதங்களில் எடுத்த அளவைகளைக் கொண்டு பருவமழை பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசலாகாது என்று கட்டுரை எழுதினர். பின்னர் அத்திட்டத்தின் பெயர் வளிமண்டலப் பழுப்பு முகில்கள் என்று மாற்றப்பட்டது. உலகின் வேறு பகுதிகளிலும் அத்தகைய மூட்டங்கள் உண்டு என்பது அப்பெயரால் ஒப்புக்கொள்ளப்பட்டது.

சொல்லைத் தொழிலாகக் கொண்ட நான் இந்நிகழ்ச்சியை எளிதிற் கடந்து செல்ல மாட்டேன். கப்பலும் விமானமும் செய்மதியும் சேர்ந்து கட்டிய கூட்டுறவை ஒரு பெயரடை உடைக்கப் பார்த்தது! அளவிலே பிழையில்லாவிடினும் பெயரிலே பிழை நேரலாம். ஒரு நாட்டாரையோ ஓர் இனத்தாரையோ குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தும் பெயரோடு தொடங்கும் ஆராய்ச்சிக்கு அந்நாட்டார் எவ்வாறு துணை வருவர்? எதிர்த்தவர்களின் கேள்வியிலும் நியாயம் இருந்தது. பெயரை மாற்றுதல் தோல்வியாகாது. பல துறையாரையும் பல நாட்டாரையும் ஒருங்கு கூட்டுவோர் தாம் சூட்டிய பெயரையும் விட்டுக்கொடுக்கத் துணிதல் வேண்டும் என்பதே நான் இதிற் கற்ற பாடம்.

ஆனாலும் எதிர்த்தவர்களின் ஒரு வினா விடையின்றியே நின்றது. அக்கரி எங்கிருந்து வருகின்றது? ஊர்திகளும் நிலக்கரி உலைகளும் தருவதா, அன்றி விறகும் வைக்கோலும் எருவும் எரிவதால் வருவதா? இதற்கு விடை வந்த வழியோ எதிர்பாராதது. பழம்பொருள்களின் காலத்தைக் கணிப்பதற்குத் தொல்லியலார் பயன்படுத்தும் காபன் 14 என்னும் முறையை நாம் அறிவோம். உயிருள்ள மரத்திலே அக்காபன் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது முற்றாகத் தேய்ந்து மறைந்திருக்கும். ஆகவே காற்றிலே பிடித்த கரியில் அது எவ்வளவு உண்டெனக் கண்டால், விறகின் பங்கு இவ்வளவு, எண்ணெயின் பங்கு இவ்வளவு என்று பிரித்து விடலாம். ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகத்து குஸ்தாப்சன் என்பவரும் அவருடன் உழைத்தவரும் மாலைதீவிலும் மேற்கிந்திய மலையொன்றிலும் பிடித்த கரியை இவ்வாறு ஆராய்ந்து, மூன்றிலிரண்டு பங்கு விறகு முதலியன எரிவதால் வந்ததென 2009இலே வெளியிட்டனர். புதைபொருளின் வயதைச் சொல்லிய கருவி, புகையின் பிறப்பிடத்தையும் சொல்லியது.

அதற்கு முன்னரே, 2006இலே, இராமநாதன் ஓவ்காமர், வின்சென்ற் என்னும் பொருளியலார் இருவரோடு சேர்ந்து இந்திய நெல் விளைச்சலை ஆராய்ந்திருந்தார். புகைமூட்டம் நிழல் செய்து வெப்பத்தைச் சற்றுத் தணிக்கின்றதே, அதனை அகற்றினால் பயிருக்குக் கேடு வராதோ என்பது கேள்வி. வானிலை அறிஞர் மட்டும் இருந்திருப்பின் வெப்பக் கணக்கோடு நின்றிருப்பர். பொருளியலார் பல்லாண்டு விளைச்சற் கணக்குகளைக் கொண்டு வந்தனர். புகைமூட்டமும் வெப்ப வாயுக்களும் இரண்டும் சேர்ந்தே விளைச்சலின் வளர்ச்சியைக் குன்றச் செய்தன என்றும், இரண்டையும் ஒருங்கே குறைத்தால் நெல் பெருகும் என்றும் அவ்வாய்வு காட்டிற்று.

இப்போது என் கட்டுரை வான்வெளியிலிருந்து இறங்கி அடுப்படிக்கு வருகின்றது.

எங்கள் வீட்டுக் குசினி மண்சுவரும் ஓலைக் கூரையும் உடையது. மாரி காலத்திலே விறகு நனைந்திருக்கும். பன்னாடையையும் பொச்சுமட்டையையும் வைத்து ஊதுகுழலால் ஊதி ஊதி என் அன்னையார் நெருப்பு மூட்டுவார். கண்ணிலே நீர் வடியும். கூரை வளைகளிலே கரி தடித்துப் படிந்திருக்கும். அக்கரி கூரையோடு நின்றுவிடவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. நாற்பது வயதளவிலே அவருக்கு இருமல் தொடங்கியது. பின் அது அவரை விட்டு நீங்கவேயில்லை. சிகிச்சை செய்த வைத்தியர் நெஞ்சைச் சோதித்தார். அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அடுப்பைக் கட்டித் தந்தவர் புகை போகும் வழியை எண்ணவில்லை. விவசாய அலுவலர் தோட்டத்துக்கு வந்து போவார். குசினிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அவருடைய பிள்ளையாகிய நானோ விறாந்தையிலே இருந்து இலக்கணம் மனனஞ் செய்து கொண்டிருந்தேன். எல்லாரும் தத்தம் துறையிலே குற்றமின்றி நின்றோம். அவர் இருமிக்கொண்டே இருந்து அறுபது நிறையுமுன் காலமானார்.

வீட்டினுள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டிலே உலகெங்கும் 32 இலட்சம் மக்கள் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் இரண்டு இலட்சத்துக்கும் மேல். அவ்வெண்ணை நான் முதன்முறை வாசித்தபோது அது எண்ணாகத் தோன்றவில்லை.

தம் பாட்டியாரும் விறகடுப்பின் முன்னிருந்து இருமியதை இராமநாதன் நினைவு கூர்ந்திருக்கின்றார். கடலின் மேலே கண்ட கரியின் வேர் அடுப்பிலும் இருக்கின்றது என்று அறிந்தபின் சூரியா என்னும் திட்டத்தைத் தொடங்கினார். 2009இலே உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றிலே புகை குறைந்த அடுப்புகளை வழங்கி, வீட்டுக் காற்றிலும் ஊர்க் காற்றிலும் கரி எவ்வளவு குறைகின்றது என்று அளந்தனர். கரி படிந்த வடிதாளைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்து, அதன் கறுப்பின் அளவிலிருந்தே கரியின் அளவைக் கணித்தனர். காபனீரொட்சைட்டு வானிலே நூற்றாண்டுக் கணக்கில் தங்குவது. கரித்துகளோ ஏறக்குறைய ஒரு வாரத்திலே மழையோடு மண்ணுக்கு வந்துவிடும். ஆதலால் அடுப்பை இன்று மாற்றினால் வானம் விரைவிலே தெளியும். காபனீரொட்சைட்டைக் குறைக்கும் பெரும்பணிக்கு இது மாற்றன்று. ஆயினும் அப்பணி பலன் தரும் வரையிலே உயிர்களைக் காப்பது.

இவ்விடத்திலே அறிஞர்கள் மீண்டும் ஒரு பாடம் கற்றனர். எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியலார் மூவர், ஒடிசா மாநிலத்திலே வழங்கப்பட்ட சீர்திருத்த அடுப்புகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2012இலே முடிவு கூறினர். முதலாண்டிலே புகை குறைந்தது. பின்னர் அப்பயன் மறைந்தது. ஆய்வுகூடத்திலே திறமையாக எரிந்த அடுப்பை வீட்டிலே ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. பழுது வந்தபோது திருத்தவுமில்லை. சமைப்பவளுக்கு அது வசதியாக இல்லையாயின் அவள் ஏன் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும்? அடுப்பறிவு என்பதும் ஒரு துறை. அத்துறையிற் பேரறிஞர்கள் நாள்தோறும் அடுப்பின் முன் இருப்பவர்கள். அவர்களைக் கேளாது செய்த அடுப்பு மூலையிலே கிடந்தது.

இராமநாதனும் அவருடன் உழைத்தவர்களும் இதற்கு ஒரு வழியை முயன்று பார்த்தனர். அடுப்பிலே வெப்பத்தை உணரும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தி, அடுப்பு எரிந்த நேரத்தைத் தொலைபேசி வழியே பதிவு செய்து, அதனால் தவிர்க்கப்பட்ட புகைக்கு ஈடாகப் பணத்தைச் சமைத்த பெண்ணுக்கே வழங்குதல் என்பது அவ்வழி. ஒடிசாவிலே நடைபெற்ற இம்முயற்சி 2016இலே ஆராய்ச்சி ஏட்டில் வெளிவந்தது. பயன்படாத அடுப்பைப் பயன்பட்டதாகக் கணக்கெழுதுவதற்கு இதில் இடமில்லை. பணமும் இடைத்தரகரைச் சேராது உரியவளைச் சேரும்.

2014ஆம் ஆண்டு வத்திக்கானிலே, விஞ்ஞானக் கழகமும் சமூகவியற் கழகமும் சேர்ந்து மாநாடு ஒன்றை நடத்தின. அதனை அமைத்தவர்களுள் இராமநாதனும் பார்த்தா தாஸ்குப்தா என்னும் பொருளியலாரும் இருந்தனர். பூமியின் சூடு ஏழைக்கு இழைக்கும் அநீதியைப் பற்றி விஞ்ஞானியும் பொருளியலாரும் சமயத் தலைவரும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து பேசினர். மறு ஆண்டிலே பாப்பரசர் பிரான்சிஸ் சுற்றாடலைப் பற்றிய திருமடலை வெளியிட்டார். அதே 2015இலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பல துறைகளைச் சேர்ந்த ஐம்பது ஆராய்ச்சியாளர் இராமநாதன் தலைமையிற் கூடி, பூமியின் சூட்டைத் தணிக்கப் பத்து வழிகளைத் தொகுத்தனர். பொறிநுட்பத்தோடு மக்களின் மனப்பாங்கையும் ஆட்சிமுறையையும் நிதியையும் அப்பத்து வழிகள் தழுவி நின்றன.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, பல துறையாரை வழிநடத்துவோருக்கு வேண்டும் குணங்கள் சில புலப்படுகின்றன. தம் துறையிலே ஆழமாகக் கால் ஊன்றியிருத்தல் முதலாவது. எல்லாவற்றையும் சிறிது சிறிது அறிந்தவர் அவையை நிரப்பலாம். அளவையைத் தர மாட்டார். எல்லாரும் விளங்கிக்கொள்ளும் ஒரே வினாவை முன்வைத்தல் இரண்டாவது. இப்புகை எங்கிருந்து வந்தது, யாரைச் சுடுகின்றது என்பது குழந்தைக்கும் விளங்கும் வினா. பிழையைச் சுட்டுவோரை வெளியே தள்ளாது உள்ளே அழைத்தல் மூன்றாவது. துன்பம் அனுபவிப்பவரையும் அவையிலே இருத்துதல் நான்காவது; இறுதியிலே எண்ணப்பட்டாலும் முதலிலே செய்ய வேண்டியதும் இதுவே.

நம் நாட்டிலே நாம் இதற்கு எதிரான வழியிற் பழகியிருக்கின்றோம். பதினாறு, பதினேழு வயதிலே பிள்ளைகளைக் கலைப்பிரிவு, விஞ்ஞானப் பிரிவு, வர்த்தகப் பிரிவு என்று பிரித்து விடுகின்றோம். அதன்பின் ஒரு பிரிவார் மற்றப் பிரிவாரின் புத்தகத்தைத் தொடுவதில்லை. தமிழாசிரியராகிய எம்மவரும் குற்றமற்றவர் அல்லர். விஞ்ஞானத்துக்குக் கலைச்சொல் ஆக்கித் தரும்படி கேட்டால் மகிழ்வோம். அச்சொல் குறிக்கும் பொருளை அறிய ஆய்வுகூடத்தின் வாயிலை மிதிக்க மாட்டோம். ஆனால் அடுப்போ பிரிவு பார்ப்பதில்லை. 2022ஆம் ஆண்டு எரிவாயுச் சிலிண்டருக்கு மக்கள் நாட்கணக்காக வரிசையிலே நின்றபோது, விறகைக் கைவிட்ட வீடுகளும் மீண்டும் விறகுக்குத் திரும்பின. நகரத்து மாடிவீடுகளிலும் புகை எழுந்தது. வைத்தியரும் பொறியியலாளரும் பொருளியலாரும் சமைப்போரும் ஒன்றாக இருந்து பேசுவதற்கு அதனினும் ஏற்றதொரு வேளை வேண்டுமோ? அவ்வேளை கழிந்தது. ஆயினும் இன்றும் நம் நாட்டுக் கிராமங்களிலே விறகடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கின்றது.

இக்கட்டுரையை எழுதுவதற்காக, நான் படிப்பிக்கும் பாடசாலையிலுள்ள இரசாயனவியல் ஆசிரியரிடம் சென்று கரித்துகளைப் பற்றிக் கேட்டேன். பதினைந்து ஆண்டுகளாக ஒரே அறையிலே இருவரும் தேநீர் அருந்தி வந்திருக்கின்றோம். அவருடைய பாடத்தைப் பற்றி நான் கேட்ட முதற் கேள்வி அதுவே. அவர் சிரித்தார், பின்னர் ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். எழுந்து வரும்போது, புகை என்னும் சொல்லுக்கும் புகைச்சல் என்னும் சொல்லுக்கும் தொடர்பு உண்டோ என்று அவர் என்னைக் கேட்டார். அவர் மனைவியாருக்கும் இருமல் உண்டாம்.

அடுத்த வகுப்பிலே அம்மாணவிக்கு விடை கூறினேன். “பிள்ளாய், ஆறு முழுவதையும் தனியே பார்ப்பவர் எவரும் இலர். ஒவ்வொரு துறையிலும் நிற்பவர் தலை நிமிர்ந்து, அங்கே நீர் எப்படி இருக்கின்றது என்று அயல் துறையாரைக் கூவிக் கேட்டால் ஆறு முழுவதும் தெரிய வரும். அவ்வாறு கேட்கப் பண்ணுபவரே தலைவர்” என்றேன்.

அவள் சற்று நேரம் சிந்தித்தாள். “அப்படியானால் முதலிலே கூவ வேண்டியவர் கீழ்த்துறையிலே நிற்பவர்தானே, ஐயா? கலங்கிய நீர் அவருக்கல்லவா வருகின்றது?” என்றாள்.

இம்முறை மணி அடிக்கவில்லை. ஆம் என்றேன், என் அன்னையாரை நினைத்துக்கொண்டேன்.